சந்தனம் வைத்த பாட்டுப் பெட்டி

முதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை சுதாவின் புகுந்த வீடு. கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு, பட்டுச்சேலை கட்டி அவளை உட்கார வைத்திருந்தார்கள். ஏழாம் மாதம், வளைகாப்பு. சுற்றிலும் பாயில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். தட்டுத் தட்டாகக் கண்ணாடி வளையல், மல்லிகைப் பூ, கிண்ணம் நிறைய சந்தனம். அடுப்படியில் இருந்து புளியோதரை தாளித்த வாசனை. ஜன்னலுக்குக் கீழே ஒரு மாம்பழப் பெட்டி. பாட்டு அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் வர வேண்டும். அதைச் செய்தவள் நான்.

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார்கள்.

வாசலில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. அதில் இரண்டு ஹாரன் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், சுருட்டி வைத்த வயர். வேனில் சாய்ந்து நின்றவன் ராசு. சுதாவுடைய மாமியாரின் தங்கை மகன். மைக்செட்தான் அவனுக்குத் தொழில். பெட்டியில் பாட்டு நின்றால் ஹாரனைக் கட்டிவிடுவதாகக் காலையிலேயே என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

சுதா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள்

இன்றைக்கு என் பாட்டுப் பெட்டிகள் இராஜபாளையம், தளவாய்புரம் என்று காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் போய் வருகின்றன. "இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்பவர்களிடம் சும்மா சிரித்து வைப்பேன். இந்த வாரத் தொடரில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கும் சுதாவுக்கும் சத்தம் புதிதில்லை. செட்டியார்பட்டியில் நாங்கள் வளர்ந்த வீட்டுக்கும் பக்கத்துத் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் அந்தப் பக்கம் நாள் முழுக்க ஓடும். அடுக்கில் இருக்கும் பாத்திரம்கூட அதிர்ந்துகொண்டே இருக்கும். அம்மா எங்களைக் கூப்பிட வாயைத் திறக்க மாட்டாள், கையைத்தான் ஆட்டுவாள். தறி ஓடினால் நாங்கள் நன்றாகத் தூங்குவோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் பதறி எழுந்திருப்போம். கல்யாணமாகி இராஜபாளையம் வந்த புதிதில் எனக்கு அமைதியில் தூக்கமே பிடிக்கவில்லை.

அப்படி வளர்ந்த சுதாவுக்கு ஹாரன் ஸ்பீக்கர் என்றால் உயிர் போய்விடும்.

காரணம் உண்டு. முதல் தடவை அவள் முழுகாமல் இருந்தபோது எதிர்வீட்டில் ஒரு விசேஷம். கம்பத்தில் ஹாரனைக் கட்டியவர்கள் அதை இவள் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேராகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். விடியும்போதே திடீரென்று அலறியிருக்கிறது. தூக்கிவாரிப் போட்டு எழுந்தவள் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளை தங்கவில்லை.

சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். நான் நம்பினேன். சுதாவும் தலையை ஆட்டினாள். இரண்டாவது தடவை எந்த ஹாரனும் இல்லாமலேயே கலைந்தது. அப்படியும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை. தெருவில் எங்காவது "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கேட்டால் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

மூன்றாவது தடவை பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்த ஒரு பகல்பொழுதைப் பற்றி. என் தங்கை தன் வளைகாப்பில் பயமில்லாமல் உட்கார முடியுமா, முடியாதா? எனக்கு அன்று அது ஒன்றுதான் கணக்கு.

"தெருவே கேக்கணும்"

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் சுதா எனக்குப் போன் செய்தாள். "யக்கா, எனக்கு நகை வேண்டாம், சேலை வேண்டாம். மைக்செட்டு மட்டும் வேண்டாம்னு அத்தைட்ட நீ சொல்லுதியா?" என்றாள்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். அவளுடைய மாமியார் காளியம்மா அத்தை குணத்தில் தங்கம். குரல் மட்டும் தறிக்கூடம். பேச்சை ஆரம்பித்ததுமே பால்கோவாத் தட்டை என் முன்னால் நகர்த்தினார். கேட்டு முடித்ததும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாட்டுச் சத்தமில்லாம ஒரு விசேசமா? தெருவுல போறவன் எழவு வீடுன்னு நெனைக்கணுமாட்டி?"

"சுதா பயப்படுதா, அத்தை."

"அவ பயம் எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவ கைநழுவிப் போயிருச்சு, ஜெயா. ரெண்டு தடவையும் இந்தத் தெருவுல ஒவ்வொருத்தியும் வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போனா. நான் ஒரு நல்ல சேதி சொல்ல அவிய வாசல்ல போயி நிக்கல. இந்தத் தடவ தெருவே கேக்கணும். எம் வீட்லயும் விசேசம் நடக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்." சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. என் பிடிவாதத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன், என் வீட்டுக்காரர் படித்துவிட்டு "கொறச்சு எழுதியிருக்க" என்றார்.

"பாட்டு நான் போடுதேன் அத்தை. ஹாரன் இல்லாம, கூடத்துக்குள்ள மட்டும் கேக்குற மாதிரி. வந்தவுக யாரு வேணும்னாலும் அவுகளுக்குப் புடிச்ச பாட்டக் கேட்டுக்கிடலாம்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ராசு வேனோட வாசல்ல நிப்பான். உன் பாட்டு நின்னுச்சுன்னா அவன் பாட்டு ஆரம்பிச்சிரும்."

தட்டு மறுபடி என் பக்கம் வந்தது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

போனில் போட்டால் போதாதா?

என் வீட்டுக்காரரும் இதைத்தான் கேட்டார். போனில் பாட்டைப் போட்டு ஒரு ஸ்பீக்கரில் மாட்டினால் வேலை முடிந்ததே என்றார்.

முடியாது. தாலாட்டு ஓடும்போது யாராவது லோன் வேண்டுமா என்று போன் செய்வான். நடுவில் சோப்பு விளம்பரம் வரும். எல்லாவற்றையும் விட, போன் என்பது ஒருவருடைய சொந்தப் பொருள். அடுத்தவர் போனைத் தொட்டு எனக்கு இந்தப் பாட்டு வேண்டும் என்று எந்த அக்காவும் மதினியும் தேட மாட்டார்கள். கடைசியில் போன்காரி வைத்ததுதான் பாட்டு. அதற்கு ராசுவே மேல்.

என் வளைகாப்பில் நடந்தது நினைவுக்கு வந்தது. எனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடச் சொல்லி மைக்செட்காரரிடம் ஆள் அனுப்பினேன். "பொம்பளையாளுக ஒண்ணொண்ணாக் கேட்டு வந்தா நான் தொழில் பாக்க வேண்டாமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாள் முழுக்கக் குத்துப் பாட்டு. வளையலை அடுக்கிக்கொண்டு அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அந்த எரிச்சல் இத்தனை வருடமாக ஆறாமலே இருந்திருக்கிறது. என் பெட்டியில் ஒவ்வொரு பாட்டும் யாராவது ஒருத்தி கேட்டதாக மட்டுமே இருக்க வேண்டும், தானாக ஒரு பாட்டும் ஓடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

நான் பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் பில் போடுகிறவள். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் எடைக்குப் போகக் காத்திருந்தது. முதலாளியிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார். காசு கேட்காத மென்பொருளை இன்டர்நெட்டில் இருந்து இறக்கிக்கொண்டேன். யாரோ ஒரு புண்ணியவான் வீடியோவில் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கம்ப்யூட்டர் முறைக்கும். நானும் பதிலுக்கு முறைப்பேன். என் வீட்டில் ஒரு வாரம் சமையலில் உப்பு சரியாக இல்லை.

ஒரு வழியாகத் திரையில், பாட்டு வந்த படங்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பெருமையோடு சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷன் பேச்சியக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அக்கா மவுஸ் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"எதாச்சும் ஆயிட்டா சம்பளத்துல புடிச்சிருவாகட்டி."

"இது எம் பொட்டிதான்க்கா. தைரியமாத் தொடு."

"படத்துப் பேரு எவளுக்கு ஞாபகம் இருக்கு? அந்தப் புள்ள கெணத்து மேட்டுல நின்னு அழுவால்ல, அந்தப் பாட்டு எங்க இருக்கு, காட்டு."

அன்று சாயங்காலமே திரையைத் தூக்கிப் போட்டேன். மவுஸையும் போட்டேன். கீபோர்டில் நாலே நாலு பொத்தானை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கி, ஓட்டையை அட்டையால் மூடினேன். அந்த நாலின் மேல் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். சிவப்புப் பொட்டு சாமி பாட்டு. பச்சை வளைகாப்புக்கும் தாலாட்டுக்கும். மஞ்சள் பழைய பாட்டு. நீலம் இளவட்டங்களுக்கு. பொத்தானை அமுக்கினால் ஒரு பாட்டு வரும். ஒரு பாட்டு ஓடும்போது இன்னொருத்தி அமுக்கினால் ஓடுவதை வெட்டாது, முடியும் வரை காத்திருந்து வரும். இதைவிட எளிதாக ஒரு கம்ப்யூட்டர் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

பொத்தான்கள் மட்டும் மேலே தெரியும்படி எல்லாவற்றையும் மாம்பழப் பெட்டிக்குள் அடக்கினேன். பலகைக்கு இடையே சந்து இருப்பதால் சூடு வெளியேறிவிடும். ஸ்பீக்கருக்கு முன்னால் கம்பெனிப் பேண்டேஜ் துணியை இழுத்துக் கட்டினேன். கரண்ட் போனால் சமாளிக்க பழைய யூ.பி.எஸ். ஒன்று. செலவு என்று பார்த்தால் பொட்டு அட்டையும் ஸ்பீக்கரும்தான்.

பஸ்ஸில் சேலையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் குனிந்து பலகைச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா, கோழியா?"

"பாட்டு."

"கோழின்னா லக்கேஜ் போடணும். பாட்டுக்கு வேண்டாம்" என்று போய்விட்டார். அன்றைக்கு என்னிடம் கனிவாக நடந்துகொண்ட முதல் ஆள் அவர்தான்.

"நீங்க மொதல்ல"

இப்போது கூடத்துக்கு வருகிறேன். முதல் பாட்டை நானே சிவப்புப் பொட்டை அமுக்கிப் போட்டேன். சாமி பாட்டு மெதுவாக, இதமாகக் கூடத்தில் நிறைந்தது. சுதாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். பொறந்த வீட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், அதனால் அங்கிருந்தே எல்லோருக்கும் பொத்தான்களை விளக்கினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

பாட்டு முடிந்தது. யாரும் அசையவில்லை.

"யாராச்சும் அமுக்குங்க" என்றேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் அடுத்தவரைப் பார்த்தார். "மதினி, நீங்க அமுக்குங்க."

"பெரியவுக அவிய இருக்கையில நான் எப்படி? நீங்க மொதல்ல."

"எனக்கு எதுக்கு? பொறந்த வீட்டுக்காரவுகளக் கூப்பிடுங்க."

"அய்யய்யோ, சம்பந்தி வீட்ல வந்து நாங்க கைவைக்கவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொத்தான் பெரிதா, நிறம் தெரிகிறதா, பேச்சியக்கா பயப்படுகிறாளா என்று எல்லாம் பார்த்தேன். ஒரு விசேஷ வீட்டில் எதற்கும் முதலில் கை நீட்டுகிறவள் யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மூத்தவர் இருக்க இளையவர் பந்தியில்கூட உட்காராத கூட்டம். காளியம்மா அத்தையோ மூத்தவர்களுக்கெல்லாம் மூத்தவர், அவர் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். அவர் தொடாத பெட்டியை அந்தக் கூடத்தில் யார் தொடுவார்கள்?

வாசலில் ஒரு கரகரப்பு. அதைத் தொடர்ந்து "ஹலோ, ஹலோ" என்று ராசுவின் குரல். இன்னும் மேலே ஏற்றிக் கட்டவில்லை, வேனுக்குள் வைத்தே சரிபார்க்கிறான். அதற்கே சுதாவின் கை வயிற்றுக்குப் போய்விட்டது.

நானே ஓடிப்போய் அடுத்தடுத்து அமுக்கிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தால் பாட்டு ஓடும், ஆனால் எனக்கும் அந்த மைக்செட்காரருக்கும் என்ன வித்தியாசம்? அதோடு, பெட்டி ஊமையாகிவிட்டது என்று அத்தை வாசலுக்கு ஒரு கை காட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். என் மூளை கொதித்தது.

கண்ணில் சந்தனக் கிண்ணம் பட்டது.

தட்டைக் கீழே வைத்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் நெற்றியில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்தேன். நடுவில் குங்குமம் வைத்தேன். ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி மேலே சாத்தினேன். திரும்பி நின்று, என்னால் முடிந்த மட்டும் அதிகாரமாகச் சொன்னேன்:

"எங்க பக்கத்துல இது ஒரு மொறை. புள்ளத்தாச்சிக்குச் சந்தனம் பூசி, வளையல் போட்டு, அட்சதை தூவிட்டு, போற வழியில இந்தப் பொட்டியில ஒரு பொத்தான அமுக்கிட்டுத்தான் போகணும். புள்ளைக்கு அவுகவுக குடுக்குற பாட்டு அது."

காளியம்மா அத்தை வாயைத் திறந்தார்.

"இது எப்பருந்துட்டி உங்க பக்கத்துல?"

"இன்னைலருந்து, அத்தை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தையின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஆனால் அவருடைய நாத்தனார், வயதில் அவருக்கு அடுத்தவர், பாயில் கையை ஊன்றி எழுந்துவிட்டார். "மொறைன்னு வந்துட்டா செஞ்சிற வேண்டியதுதான" என்றார். சுதாவின் கன்னத்தில் சந்தனம் தடவி, இரண்டு கையிலும் வளையலை ஏற்றிவிட்டு, நேராகப் பெட்டிக்குப் போனார். விரலெல்லாம் சந்தனம் என்பதால் புறங்கையால் மஞ்சள் பொட்டை அமுக்கினார். பழைய பாட்டு ஒன்று வந்தது. பொட்டைத் தொட்ட கையை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாருக்குப் பின் யார் என்பது அந்தப் பெண்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருத்தி வளையல் போட்டு முடிக்கிற நேரமும் ஒரு பாட்டு ஓடுகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. நீலப் பொட்டை ஒரு புதுமருமகள் வெட்கப்பட்டுக்கொண்டே அமுக்க, கூடமே கேலி செய்தது. ஒரு பெரியம்மா பச்சையை அமுக்கிவிட்டுத் தாலாட்டு முடியும் வரை பெட்டிப் பக்கத்திலேயே நின்று கூடவே பாடினார். பொத்தான்கள் சந்தனத்தில் பிசுபிசுத்துப் போயின. எது சிவப்பு, எது நீலம் என்றே தெரியவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சுதா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் பொத்தியிருந்த கைகள் மடியில் விரிந்து கிடந்தன, முழங்கை வரைக்கும் வளையல்.

"உதைக்குதுக்கா" என்றாள் என்னிடம். "பாட்டு மாறும்போதெல்லாம் உதைக்குது." சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வருடக் கணக்காகிவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியாகக் காளியம்மா அத்தை வந்தார். மருமகளின் கன்னத்தில் சந்தனம் தடவினார். வளையலை ஏற்றிவிட்டு வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். அடுத்து ஓடிய பாட்டின் தொடக்கத்தில் அந்தக் கை சட்டென்று துள்ளியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ராசு வாசல்படியில் வந்து எட்டிப் பார்த்தான். "பெரியம்மா, சத்தம் தெருவுக்கே வரல. கட்டிரவா?"

அத்தை திரும்பவே இல்லை. "வேனப் பூட்டிட்டு வந்து எலையில உக்காரு."

பிறகு பெட்டியிடம் போனார். பச்சைப் பொட்டு எது என்று என்னைக் கேட்டு, அதை ஒரு விரலால் அமுக்கினார். தாலாட்டு ஆரம்பித்தது. அவருக்கு அது போதவில்லை. ஸ்பீக்கரில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு எங்கே என்று கேட்டார். கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குறைத்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "யத்தே, பாட்டு இங்க கேக்கவே இல்லையே!"

தெருவே கேட்க வேண்டும் என்று என்னிடம் கண்ணீர் விட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வயித்துக்குள்ள இருக்குற ஆளுக்குக் கேக்கு. நீங்க சோத்தப் பாருங்க."